தானாகக் கனியாததும் தடிகொண்டு அடிப்பதும்

("சேர்ந்து வாழ்க" என்னும் நீதிமன்றத் தீர்ப்பு பற்றி ஒரு விளக்கம்)

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி

கடன் வாங்கியவர் திருப்பித் தரவில்லை என்றால் நீதிமன்றம் அவருடைய சொத்தை ஜப்தி செய்து ஏலம் விடுகிறது. குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய மறுத்தால், அமீனா வந்து சாமான்களை வெளியே எடுத்து வைத்து, வீட்டை உரியவரிடம் ஒப்படைக்கிறார். பொதுப் பாதையை மறிக்காதே என்ற தடையுத்தரவை ஒருவர் மீறினால் அவரைச் சிவில் சிறையில் வைக்கலாம். ஆக, தீர்ப்பு என்பது வெறும் காகிதம் அன்று. அதன் பின்னால் ஒரு கை இருக்கிறது. இது நாம் அனைவரும் அறிந்ததே.

ஆனால், "நீ உன் கணவனிடம் திரும்பிச் சென்று வாழ்" என்றோ, "நீ உன் மனைவியைச் சேர்த்துக்கொண்டு வாழ்" என்றோ ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அதை எந்தக் கை நிறைவேற்றும்? மனம் ஒப்பாத இருவரை ஒரே கூரையின் கீழ் வைப்பது அமீனாவால் ஆகிற காரியமா?

இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் எழவில்லை. எங்கள் தெருவில்தான் எழுந்தது. சென்ற ஆண்டு ஒரு மாலை, நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓர் அக்கா ஒரு காகிதத்தோடு வந்தார். கணவர் வீட்டில் அடி பொறுக்க முடியாமல் தாய் வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. "காலேஜில படிக்கிற பொண்ணு, இதைப் படிச்சுச் சொல்லு பாப்பா" என்றார். கணவர் தொடுத்த வழக்கில், அவர் திரும்பிச் சென்று சேர்ந்து வாழ வேண்டும் என்று வந்த தீர்ப்பின் நகல் அது. முன்பு வந்த சம்மனுக்குப் பயந்து அவர் நீதிமன்றத்துக்கே போகவில்லை. "போகலேன்னா போலீஸ் வந்து வண்டியில ஏத்திக்கிட்டுப் போய் அந்த வீட்டுல விட்டுருமாம். அண்ணன்கூட மானம் போறதுக்கு முன்னால நீயே போயிடுங்கறான். துணியெல்லாம் எடுத்துப் பையில வச்சிட்டேன். நெசமாவே போலீஸ் வருமா பாப்பா?" என்று கேட்டார்.

"தெரியலையே அக்கா" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. மூன்றாண்டுகளாக வரலாறு படிக்கும் எனக்கு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஒரு கேள்விக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தினால் நூலகத்திலும், எங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டறிந்தவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போலீஸ் வராது. வரவும் முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒன்றும் இல்லாததும் அன்று. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, கவனிக்க வேண்டியதைக் கவனியாமல் விடுவதுதான் இதில் பலருக்கும் நேருகிற இழப்பு.

சட்டம் சொல்வது என்ன?

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 9-ஆவது பிரிவு இதைப் பற்றியது. கணவனோ மனைவியோ தக்க காரணமின்றி மற்றவரை விட்டு விலகிப் போய்விட்டால், கைவிடப்பட்டவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். மனுவில் சொல்லியிருப்பது உண்மை என்றும், அதை மறுக்கச் சட்டப்படி வேறு காரணம் இல்லை என்றும் நீதிபதி கருதினால், சேர்ந்து வாழும் உரிமையை மீட்டுத் தந்து தீர்ப்பு வழங்கலாம். இதைத் 'தாம்பத்திய உரிமை மீட்பு' என்பார்கள்.

இது ஆண்களுக்கு மட்டும் உரிய வழி அன்று. வேறொரு பெண்ணோடு வாழப் போய்விட்ட கணவனை, "என்னைச் சேர்த்துக்கொள்" என்று கேட்டு மனைவியும் இந்த மனுவைப் போடலாம், போடுகிறார்கள். இந்துக்களுக்கு மட்டும் உரியதும் அன்று. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 22-ஆவது பிரிவும், கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் சட்டத்தில் 32-ஆவது பிரிவும், பார்சிகளுக்கான 1936-ஆம் ஆண்டின் சட்டத்தில் 36-ஆவது பிரிவும் இதையே சொல்கின்றன. முஸ்லிம்கள் சாதாரண உரிமையியல் வழக்காக இதைத் தொடுக்கலாம் என்று 1867-இலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது.

இங்கே உயிரான சொல், 'தக்க காரணமின்றி' என்பதே. அடி, உதை, வரதட்சணைக் கொடுமை, வேறு தொடர்பு, உயிருக்கு அச்சம் இவையெல்லாம் தக்க காரணங்கள்தாம். ஆனால் அந்தக் காரணத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு, விலகிப் போனவர்மீதே உள்ளது என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. ஆகவே, அடிபட்டு வெளியேறிய பெண் சம்மனைக் கண்டு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டால், அவள் பட்ட அடி நீதிபதிக்குத் தெரிய வழியே இல்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். எங்கள் தெரு அக்காவுக்கு நேர்ந்தது இதுவே.

எங்கிருந்து வந்தது?

இந்த வழக்கு நம் மண்ணின் மரபன்று என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இது இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்தது. திருமணம் தெய்வக் கட்டு என்று கருதப்பட்டதால், பிரிந்தவர் திரும்பி வர வேண்டும் என்று திருச்சபை ஆணையிடும். கீழ்ப்படியாதவர் சபையிலிருந்து விலக்கி வைக்கப்படுவார். 1813-ஆம் ஆண்டில் அந்தச் சபை விலக்குக்குப் பதிலாகச் சிறைத் தண்டனை வந்தது. ஆள்வோரின் சட்டம் ஆளப்படுவோரின் நாட்டுக்கும் கப்பலேறி வந்தது. நம் நாட்டு நீதிமன்றங்களில் அமர்ந்த ஆங்கில நீதிபதிகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அதைப் பொருத்தினார்கள்.

அந்தச் சட்டத்தின் கூர்மை ஒரு பெண்ணின் கதையால் நாடறிய வெளிப்பட்டது. அவர் பெயர் ருக்மாபாய். 1864-இல் பம்பாயில் பிறந்தவர். 11 வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்கு மணம் செய்து வைக்கப்பட்டார். ஆனால் கணவர் வீட்டுக்கு வாழப் போகாமல், மருத்துவரான தம் வளர்ப்புத் தந்தையின் வீட்டிலேயே இருந்து கல்வி கற்றார். வளர்ந்து விவரம் அறிந்தபின், அறியாப் பருவத்தில் நடந்த அந்த மணத்தை ஏற்று வாழ மறுத்தார். 1884-இல் கணவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

1885-இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். இவ்வழக்கு முறை இங்கிலாந்திலிருந்து வந்தது, இந்து தருமத்தில் இதற்கு ஆதாரம் இல்லை, சேர்ந்தே வாழாத ஒரு பெண்ணை வலிந்து அனுப்புவது கொடுமை என்பது அவர் கருத்து. மேல்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. வழக்கு மீண்டும் விசாரிக்கப்பட்டு, 1887 மார்ச்சு மாதத்தில் நீதிபதி ஃபாரன் தீர்ப்பளித்தார்: ருக்மாபாய் ஒரு மாதத்திற்குள் கணவரிடம் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை. ருக்மாபாய் சிறைக்கே போவதாகச் சொன்னார்.

நாடு இரண்டுபட்டது. பம்பாயின் சீர்திருத்தவாதிகள் அவர் பக்கம் நின்றனர். திலகர் தம் இதழ்களில் அவரை எதிர்த்து எழுதினார். இறுதியில் 1888-இல் சமரசம் ஆயிற்று. தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டார். ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டுகள் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். சிறைக்கு அனுப்பப்பட இருந்த பெண், ஆயிரமாயிரம் பிரசவங்களுக்குத் துணையான மருத்துவரானார்.

அவர் மறைந்தது 1955 செப்டம்பரில். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னால், அதே 1955 மே மாதத்தில்தான் சுதந்திர இந்தியாவின் இந்து திருமணச் சட்டம் 9-ஆவது பிரிவோடு நடைமுறைக்கு வந்தது. ஆச்சாரிய கிருபளானி போன்றோர் நாடாளுமன்றத்தில் அந்தப் பிரிவைக் கடுமையாக எதிர்த்தும் அது நிலைத்துவிட்டது. வரலாற்று மாணவர்கள் இந்த ஒற்றுமையை ஒரு கணம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மூடிய சிறைக் கதவு

ருக்மாபாய் காலத்தில் இருந்த 1882-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கீழ்ப்படியாதவரைச் சிறையில் வைக்கவும், சொத்தை ஜப்தி செய்யவும், இரண்டையும் செய்யவும் இடம் தந்தது. 1908-இல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் சிறை இருந்தது; சிறை வேண்டாம் என்று விட்டுவிடும் உரிமை மட்டும் நீதிபதிக்குத் தரப்பட்டது. 1923-ஆம் ஆண்டில் வந்த திருத்தச் சட்டந்தான் இவ்வகைத் தீர்ப்புக்குச் சிறை என்பதையே நீக்கியது. அன்று முதல் இன்றுவரை, சேர்ந்து வாழ மறுத்ததற்காக மட்டும் இந்தியாவில் எந்த நீதிமன்றமும் எவரையும் சிறையில் வைக்க முடியாது.

இங்கிலாந்தோ 1884-இலேயே சிறையைக் கைவிட்டது. பிறகு 1891-இல் ஒரு நிகழ்ச்சி. தீர்ப்புப் பெற்றும் மனைவி வராததால், லங்காஷயரில் ஒரு கணவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வெளிவந்த மனைவியை ஆட்களோடு சேர்ந்து வலுக்கட்டாயமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் பூட்டினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்ணை விடுவித்தது. மனைவியை அடைத்து வைக்கும் உரிமை கணவனுக்கு இல்லை என்று அன்று முடிவாயிற்று. 1970-ஆம் ஆண்டின் சட்டத்தால் இங்கிலாந்து இந்த வழக்கையே தன் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டது. தாய்வீட்டில் கைவிடப்பட்ட வழக்கம், வாழ வந்த வீட்டில் இன்னும் இருக்கிறது!

இன்று நிறைவேற்றும் முறை

இனி, நம் நாட்டில் இத்தீர்ப்பு நிறைவேறும் வகையைப் படிப்படியாகக் காண்போம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளையில் 32, 33 ஆகிய விதிகள் இதற்கு உரியன.

முதலாவது, தீர்ப்புத் தானாக நடக்காது. தீர்ப்புப் பெற்றவர் நிறைவேற்றல் மனுப் போட வேண்டும். எதிர்தரப்பினர்க்குத் தீர்ப்பின்படி நடக்க வாய்ப்பு இருந்தது என்றும், இருந்தும் வேண்டுமென்றே நடக்கவில்லை என்றும் நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும். உடல்நலமின்மையாலோ, திரும்பிச் சென்றவரைக் கணவரே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியதாலோ தீர்ப்பு நடக்கவில்லை என்றால் அது வேண்டுமென்றே மறுத்ததாகாது.

இரண்டாவது, அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டால் கீழ்ப்படியாதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். ஜப்தி என்றவுடன் பறித்துக்கொள்வது என்று எண்ணக்கூடாது. சொத்தை விற்கவோ மாற்றவோ முடியாதபடி நீதிமன்றம் கட்டி வைக்கிறது, அவ்வளவே. அந்தக் கட்டு ஆறு மாதம் இருக்கும். அதற்குள் அவர் மனம் மாறிச் சேர்ந்து வாழ்ந்தால் ஜப்தி நீங்கும்.

மூன்றாவது, ஆறு மாதம் கழிந்தும் தீர்ப்பு நடக்கவில்லை என்றால், தீர்ப்புப் பெற்றவர் கேட்டுக்கொண்டால், சொத்தை விற்று, கிடைக்கும் தொகையிலிருந்து நீதிமன்றம் தக்கது என்று கருதும் இழப்பீட்டை அவருக்குத் தரலாம். மிச்சம் இருந்தால் உரியவரிடமே திரும்பும். விற்கச் சொல்லி அவர் மனுச் செய்யவில்லை என்றால் ஜப்தி தானே முடிந்துபோகும்.

நான்காவது, தீர்ப்பு கணவனுக்கு எதிரானதாக இருந்தால் 33-ஆவது விதியின்படி இன்னொரு வழியும் உண்டு. குறித்த காலத்திற்குள் அவன் மனைவியைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால், அவளுக்குக் காலந்தோறும் ஒரு தொகை செலுத்தும்படியும், அதற்குப் பிணை தரும்படியும் நீதிமன்றம் ஆணையிடலாம்.

இவற்றில் எங்கேயும் 'ஆளைப் பிடித்து ஒப்படைப்பது' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டை ஒப்படைக்கலாம்; மாட்டை ஒப்படைக்கலாம்; மனிதரை ஒப்படைக்க முடியாது. சட்டத்தின் கை சொத்தோடு நின்றுவிடுகிறது. சிலர், "என் மனைவியைப் பெற்றோர் அடைத்து வைத்திருக்கிறார்கள்" என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடுவதுண்டு. அங்கும் வயது வந்த பெண் நீதிபதியின் முன் நின்று, "நான் என் விருப்பப்படிதான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் அவளைக் கணவரோடு கட்டாயப்படுத்தி அனுப்ப இயலாது.

இன்னொரு நடைமுறை உண்மையும் உண்டு. நம் பெண்களில் எத்தனை பேர் பெயரில் நிலமும் வீடும் இருக்கின்றன? பெயரில் ஒன்றும் இல்லாத பெண்ணிடம் ஜப்தி செய்ய என்ன இருக்கிறது? உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை இவற்றையும், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணிகளையும் ஜப்தி செய்யக் கூடாது என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு காக்கிறது. கழுத்தில் கிடக்கும் தாலியைக் காட்டி மிரட்டினால் அது வெறும் மிரட்டலே.

அப்படியானால் எதற்கு இந்தத் தீர்ப்பு?

ஆளையும் பிடிக்க முடியாது, பலரிடம் சொத்தும் இல்லை என்றால், மக்கள் ஏன் பணம் செலவழித்து இந்தத் தீர்ப்பைப் பெறுகிறார்கள்? இதுவே இக்கட்டுரையின் நடுவான செய்தி. இந்தத் தீர்ப்பின் உண்மையான வலிமை 21-ஆம் கட்டளையில் இல்லை. வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, மணமுறிவு. தீர்ப்பு வந்து ஓராண்டோ அதற்கு மேலோ ஆகியும் இருவரும் சேர்ந்து வாழவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 13(1ஏ) பிரிவு. முதலில் இவ்வுரிமை தீர்ப்புப் பெற்றவருக்கு மட்டுமே இருந்தது. 1964-ஆம் ஆண்டுத் திருத்தம் இருவருக்கும் அதைத் தந்தது. காத்திருக்கும் காலமும் இரண்டு ஆண்டாக இருந்து, 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஓராண்டாகக் குறைந்தது. ஆகவே, "சேர்ந்து வாழ வா" என்று மனுப் போடுகிறவர் எல்லோரும் சேர்ந்து வாழவே விரும்புகிறார் என்று சொல்லிவிட முடியாது. சேர்க்கக் கட்டிய பாலத்தின் வழியாகவே பிரிந்து போகிறவர்கள் பலர்.

இதற்கு ஓர் உருக்கமான சான்று உச்ச நீதிமன்றத்திலேயே உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த ஒரு பெண், கணவர் தம்மை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டதாகக் கூறி, சேர்ந்து வாழக் கோரி மனுச் செய்தார். 1978-இல் கணவர் அதற்குச் சம்மதம் தெரிவிக்கவே, தீர்ப்பு அவருக்குச் சாதகமாயிற்று. ஓராண்டு கடந்தது. சம்மதித்த அதே கணவர், "தீர்ப்பு வந்து ஓராண்டாகியும் சேர்ந்து வாழவில்லை; மணமுறிவு தருக" என்று மனுச் செய்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1984-இல் மணமுறிவு உறுதியாயிற்று. மனைவிக்கும் மகளுக்கும் ஜீவனாம்சம் தரும்படி மட்டும் நீதிமன்றம் ஆணையிட்டது. வாழக் கேட்டுப் போன பெண்ணுக்குக் கிடைத்தது மணமுறிவு!

மற்றொன்று, ஜீவனாம்சம். மனைவி ஜீவனாம்சம் கேட்டு மனுச் செய்தவுடன், கணவர் தரப்பில் சேர்ந்து வாழும் மனு ஒன்று போடப்படுவது வாடிக்கையாக இருக்கிறது. ஏனெனில், தக்க காரணமின்றிக் கணவரோடு வாழ மறுக்கும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு சொல்லிற்று. 2024 சூலை முதல் அதன் இடத்தில் வந்துள்ள புதிய சட்டத்தின் 144-ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. "நீதிமன்றமே போகச் சொல்லியும் போகவில்லை, ஆகவே ஒரு காசும் தரமாட்டேன்" என்பது கணவரின் வாதம்.

இதற்கு 2025 சனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவான விடை தந்தது. சார்க்கண்டைச் சேர்ந்த ஒரு வழக்கு அது. சேர்ந்து வாழும்படி தீர்ப்பு இருந்தும் மனைவி செல்லவில்லை என்று காட்டி, உயர் நீதிமன்றம் அவருக்கு ஜீவனாம்சத்தை மறுத்திருந்தது. அந்தத் தீர்ப்பு ஒன்று இருப்பதாலேயே ஜீவனாம்சம் தானாக அற்றுப்போகாது. அவர் செல்லாமைக்குத் தக்க காரணம் உண்டா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனியே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குடும்ப நீதிமன்றம் முன்பு விதித்த மாதம் 10,000 ரூபாயை மீண்டும் வழங்கச் செய்தது.

நீதிபதிகளுக்குள்ளேயே இரு கருத்து

இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு ஏற்றதுதானா என்ற கேள்வி 1983-இல் எழுந்தது. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி. ஏ. சௌதரி, அது செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஒரு பெண் தன் உடலையும் தாய்மையையும் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமையை அரசு எடுத்துக்கொள்ளலாகாது. ஏட்டில் இருபாலார்க்கும் பொதுவாகத் தோன்றினாலும் இதன் சுமை பெண்மீதே விழுகிறது என்பது அவர் வாதம். அதே ஆண்டு இறுதியில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் நீதிபதி அவத் பிகாரி ரோகத்கி இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். இப்பிரிவு கேட்பது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வதைத்தான், உடலுறவைக் கட்டாயப்படுத்துவதை அன்று. இல்லத்தின் அந்தரங்கத்துக்குள் அரசியல் சட்டத்தைக் கொண்டுவருவது பொருந்தாது என்றார் அவர்.

1984-இல், மேலே சொன்ன பஞ்சாப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் டெல்லியின் கருத்தை ஏற்றது. குடும்பம் உடையாமல் காக்க இப்பிரிவு உதவுகிறது. மீறினாலும் சொத்து ஜப்தி மட்டுமே என்பதால் இதில் வன்முறை இல்லை என்று நீதிபதி சப்யசாச்சி முகர்ஜி எழுதினார். இந்தத் தீர்ப்பின் நிறைவேற்றம் எவ்வளவு பலவீனமானது என்பதே அது பிழைத்திருக்கக் காரணமாயிற்று என்பது விந்தையே!

விவாதம் அதோடு முடியவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அறிவித்தது. சேர்ந்து வாழும் வழக்கைச் சட்டத்திலிருந்து நீக்கலாம் என்று 2018-இல் சட்ட ஆணையத்தின் ஆலோசனை அறிக்கை கூறியது. 2019-இல் குசராத்தில் சட்டம் பயிலும் மாணவர்கள், இப்பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். ஆம், நம்மைப் போன்ற மாணவர்களே! கல்லூரி மாணவர் கையில் எழுதுகோல் இருந்தால் அது தேர்வுத்தாளுக்கு மட்டுமே என்று எண்ணுவோர்க்கு இது ஒரு பாடம்.

இப்பிரிவு இருக்க வேண்டும் என்போர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சினத்தில் பிரிந்தவர்கள் நீதிபதியின் முன்னிலையில் முகம் பார்த்துப் பேசி ஒன்று சேர்ந்ததும் உண்டு. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது குடும்ப நீதிமன்றங்களின் கடமை. கைவிடப்பட்ட மனைவிக்கு, "நான் போகவில்லை, அவர்தாம் தள்ளிவிட்டார்" என்பதை ஊரறியச் சொல்ல இது ஓர் இடம். ஆனால் அந்தச் சமரசத்தைச் செய்வது நீதிபதியின் பொறுமையும் ஆலோசகரின் இதமான சொல்லுமே, ஜப்தி அன்று. தானாகக் கனியாததைத் தடிகொண்டு அடித்தால் கனியுமா என்று நம் பெரியோர் கேட்டது இதற்கும் பொருந்தும்.

காகிதம் வந்தால் என்ன செய்வது?

வழக்கறிஞர் எனக்குச் சொன்னவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். சம்மன் வந்தால் வாங்க மறுக்கக் கூடாது. மறுத்தால் வழக்கு நிற்காது, நாம் இல்லாமலே நடக்கும். குறித்த நாளில் சென்று, பிரிந்ததற்கான காரணத்தை எதிருரையாக எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவச் சீட்டு, காவல் நிலையப் புகார் ரசீது, கடிதங்கள் இவற்றை எறிந்துவிடக் கூடாது. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால், தக்க காரணம் காட்டி அதை நீக்கக் கோரி 30 நாட்களுக்குள் மனுச் செய்யலாம். சம்மனே முறையாகச் சேரவில்லை என்றால், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். தீர்ப்பு வந்தும் பேசாமல் இருந்தால், ஓராண்டு கழித்து மணமுறிவு மனு வரக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, எந்தப் பெண்ணும் வருமானம் எவ்வளவாக இருப்பினும் இலவச சட்ட உதவி பெற உரியவள். நீதிமன்ற வளாகங்களிலேயே அதற்கான குழுக்கள் இயங்குகின்றன. தனித்துவிடப்பட்ட பெண்ணுக்கு அந்தக் கதவைக் காட்டுவதற்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, அஞ்சாத ஒரு துணை போதும்.

எங்கள் தெரு அக்காவும் அந்தக் கதவைத்தான் தட்டினார். நான் உடன் போனேன். 30 நாட்களில் இன்னும் எட்டு நாட்கள் மீதி இருந்தன. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு இப்போது விசாரணையில் இருக்கிறது. முடிவு எதுவாகுமோ, சொல்ல முடியாது. ஆனால் அவர் இப்போது ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாமே போகிறார். கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்கிறார். "போலீஸ் வராதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு மாசம் தூங்கியிருப்பேன் பாப்பா" என்று ஒரு நாள் சொன்னார். கட்டி வைத்த பையைப் பிரித்துத் துணிகளை மீண்டும் பெட்டியில் அடுக்கிவிட்டார்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பெரும்பாலோர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நாளை நம் தெருவிலும் ஒருவர் ஒரு காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வாசலுக்கு வரலாம். அன்று "தெரியலையே" என்று சொல்லாமல் இருப்பதற்கு, இக்கட்டுரை சிறிதேனும் உதவுமானால், அதுவே இதன் பயனாகும்.